இடது ஓரத்தில் மழை

எங்கள் அணியில் இடது ஓரத்தில் விளையாடுவது மழை. பதினொன்றாம் எண் சட்டை. கரீபியன் தீவுகளின் கிளப் கோப்பைக்கு நாங்கள் அனுப்பிய பெயர்ப் பட்டியலில் அதன் பெயர் கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது. பிறந்த தேதி ஜூன் முதல் வாரம் என்றும், உயரம் மாறும் என்றும் நான் எழுதியிருந்தேன். புகைப்படம் மங்கலாக இருக்கிறது, வேறு அனுப்புங்கள் என்று போட்டிக் குழு பதில் போட்டது. வேறு அனுப்பினேன். அதுவும் அப்படித்தான் இருந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

என் பெயர் அமலதாசன். சொந்த ஊர் காரைக்கால். பிரெஞ்சு தெரியும் என்பதால் ஓரெலி தீவின் ரோவர்ஸ் கிளப்பில் மேலாளர் வேலை கிடைத்தது. கடவுச்சீட்டு, விடுதி, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. சட்டைகள் மட்டும் கனகவல்லியின் பொறுப்பு. அவள் முத்தியால்பேட்டையிலிருந்து வந்தவள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பத்துச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போடுவாள். பதினொன்றை வாளியில் ஊறப்போட்டு மூடிவைப்பாள். காய்ந்துவிட்டால் அந்தச் சட்டைக்குள் யாரும் இருக்க முடியாது.

மழை நன்றாக விளையாடியது. நனைந்த சட்டை ஒன்று தோள் உயரத்தில் ஓரக்கோட்டை ஒட்டிப் பாயும். பந்து அதற்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். ஆட்டக்காரர்கள் கோட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்பது விதி. மழை அதை மதித்தது. மைதானம் முழுக்கப் பெய்யும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு துளி விழாது. பார்வையாளர்கள் புதுச் சட்டையோடு வந்து, புதுச் சட்டையாகவே வீட்டுக்குப் போவார்கள். அதனால் எதிரணிகளுக்குக்கூட எங்கள் மேல் வருத்தம் இல்லை. கால் இறுதி வரை வந்துவிட்டோம். முப்பத்தொரு வருடத்தில் எங்கள் கிளப் அதைத் தாண்டியதில்லை. இந்த முறை தாண்டினோம்.

அரையிறுதி கைலூ தீவில், கைலூ யுனைட்டட் அணியோடு. கைலூவில் மழை பெய்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது.

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி எல்லாருடைய கடவுச்சீட்டிலும் வேகமாக முத்திரை குத்தி அனுப்பினார். பதினொன்றாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாள் தங்குவாங்க?"

"ஆட்டம் முடியற வரைக்கும்தான் சார். பெய்யறதுக்கு விசா அதுக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்க."

"தொண்ணூறு நிமிஷமா?"

"தொண்ணூறு நிமிஷம்."

ஈரமாக இருந்த அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கன்னத்தில் வைத்திருந்தார். பிறகு முத்திரை குத்தி, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

ஆட்டத்தன்று காலை விடுதி வாசலில் தண்ணீர் லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஓர்வில். கைலூ அணியின் கோல்கீப்பரும் தலைவரும் அவர்தான். மற்ற நாட்களில் தெருத்தெருவாகத் தண்ணீர் கொண்டுபோவது அவர் வேலை.

"உங்க பதினொன்னு இன்னிக்கு ஆடுதா?" என்று கேட்டார்.

"ஆடுது."

"காயம், காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை. ராத்திரி குளியலறையில நல்லாத் தூங்குச்சு."

வேறு அணித் தலைவர்கள் இதைக் கேட்டால் முகம் சுருங்கும். ஓர்வில் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மைதானத்தைப் பார்க்க வருகிறீர்களா என்றார். போனேன். புல் எப்போதோ போய்விட்டிருந்தது. செம்மண் தரையின் நான்கு மூலையிலிருந்தும், நடு வட்டத்திலிருந்தும் புதிதாக வாய்க்கால் வெட்டி, மேலே கம்பி வலை போட்டிருந்தார்கள். ஐந்து வாய்க்காலும் மைதானத்துக்குப் பின்னால் இருந்த நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்ந்தன. நீர்த்தேக்கத்தின் அடியில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

"ஊரே சேர்ந்து வெட்டினோம். விதிப்படி தப்பு ஒண்ணும் இல்லியே?" என்றார் ஓர்வில்.

நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். தப்பு இல்லை.

மாலை நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. நடுவர் பெர்சிவல் மூன்றாவது ஒரு தீவைச் சேர்ந்தவர். கண்டிப்பானவர். அவர் விசில் ஊதியதும் மழை உள்ளே இறங்கியது. பத்தாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்து, மண் வாசனையைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள்.

எட்டாவது நிமிடத்தில் கைலூ டிஃபென்டர் ஒருவர், யாரும் துரத்தாதபோதே, பந்தை எங்கள் இடது ஓரத்தில் வெளியே உதைத்தார். த்ரோ எறிய மழை கோட்டுக்கு வெளியே போனது. எறிபவர் வெளியேதான் நிற்க வேண்டும். ஆகவே முதல் மூன்று வரிசையின் மேல் பெய்தது. அங்கே இருந்தவர்கள் முகத்தைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அதன்பிறகு கைலூ அணி பந்தை அந்தப் பக்கமே உதைத்துத் தள்ளியது. அரை மணி நேரத்தில் பத்தொன்பது த்ரோ. கிழக்குப் பக்கத்துக்காரர்கள் அண்டா, குடம், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டார்கள். எதிரே மேற்குப் பக்கத்தில் கூச்சல் எழுந்தது.

"நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்று ஒரு பெண் வெறும் குடத்தைத் தட்டிக்கொண்டு கத்தினாள்.

"பாதி ஆட்டத்துக்கு அப்புறம் பக்கம் மாறுவாங்கம்மா! அப்போ இடது ஓரம் உங்க பக்கம்!" என்று ஓர்வில் கோல் வாசலிலிருந்தே பதில் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள்.

நாற்பதாவது நிமிடத்தில் மழை ஒரு த்ரோவுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒரு கிழவரின் குடம் நிரம்ப இன்னும் நான்கு விரற்கடை இருந்தது. நிரம்பும் வரை நின்றது. பெர்சிவல் விசிலைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊதினார். நேரத்தை வீணாக்கியதற்காக மஞ்சள் அட்டை. இன்னொன்று வாங்கினால் சிவப்பு. வெளியே போயாக வேண்டும்.

இடைவேளையில் எங்கள் பயிற்சியாளர் மதாம் யூலாலி அதைத்தான் பேசினார். கறாரான பெண்மணி, பாராட்டும்போதுகூட விரலை நீட்டித்தான் பாராட்டுவார். மழையைப் பார்த்து, "யார் குடமா இருந்தாலும் சரி, பந்துதான் முதல்ல" என்றார். மழை தலையைக் குனிந்துகொண்டது. உடை மாற்றும் அறைத் தரையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

கனகவல்லி என் காதோரம், "அண்ணே, அதைத் திட்ட வேண்டாம்னு சொல்லுங்க. அழுதுச்சுன்னா சட்டையில இருக்கிற கலர் எல்லாம் வெளுத்துப்போகும்" என்றாள்.

இரண்டாம் பாதியில் மேற்குப் பக்கத்துக் குடங்கள் நிறையத் தொடங்கின. அறுபத்தேழாவது நிமிடத்தில் மழை ஓரமாகப் பாய்ந்து, உள்ளே திரும்பி, ஓர்விலின் விரல் நுனியில் பட்டும் படாமலும் கோல் போட்டது. எங்களுக்கு ஒன்று, அவர்களுக்குப் பூஜ்யம். கைலூ மக்கள் எழுந்து ஆடினார்கள். பிறகு அது எதிரணியின் கோல் என்று ஞாபகம் வந்து, உட்கார்ந்து ஆடினார்கள்.

எழுபத்தெட்டாவது நிமிடம். கைலூ டிஃபென்டர் மழையோடு மோதிச் சேற்றில் உருண்டார். பெர்சிவலின் கை சட்டைப் பைக்குப் போனது. விழுந்தவர் துள்ளி எழுந்தார்.

"ஐயா, யாரும் தள்ளல. நானேதான் விழுந்தேன்."

"நான் பார்த்தேனே. கால் இடறிச்சு."

"என் காலே என் காலை இடறிச்சு ஐயா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்."

ஓர்வில் கோலைக் காலியாக விட்டுவிட்டு ஓடிவந்தார். "இவன் விழுற பழக்கத்துக்கு டாக்டர் சீட்டே இருக்கு" என்றார். இரு பயிற்சியாளர்களும் அதை ஆமோதித்தார்கள். பெர்சிவல் கையை வெறுமனே வெளியே எடுத்தார். அந்த நேரத்தில் எங்கள் ஆட்டக்காரர் ஒருவருக்குக் காலியான கோல் கண்ணில் பட்டது. அவர் பந்தை எடுத்துக்கொண்டு போகாமல் காலுக்கடியில் வைத்துக் காத்திருந்தார்.

எண்பத்தொன்பதாவது நிமிடம். இப்படியே முடிந்தால் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போவோம், மழையும் போய்விடும். ஓர்வில் நீர்த்தேக்கத்தின் பக்கம் பார்த்தார். அதன் மேட்டில் பச்சைக் கொடியோடு ஓர் ஆள் நின்றான். நிறைந்ததும் கொடியைத் தூக்க வேண்டும். இன்னும் தூக்கவில்லை. கைலூவின் பதினொரு பேரும், ஓர்வில் உட்பட, எங்கள் கோலை நோக்கி ஓடிவந்தார்கள். அவர்கள் அப்படி ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. பந்து யார் தலையில் பட்டது என்று இன்றும் தெரியாது. ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரம், முப்பது நிமிடம்.

கூடுதல் நேரத்தில் கோல் விழவில்லை. பெனால்டி உதைகள். உதைப்பவரையும் கோல்கீப்பர்களையும் தவிர மற்றவர்கள் நடு வட்டத்துக்குள் நிற்க வேண்டும். மழை அங்கே போய் மொத்தமாக நின்றது. மைதானம் முழுக்கப் பெய்தது எல்லாம் அந்த ஒரு வட்டத்துக்குள் பெய்தது. கம்பி வலைக்குக் கீழே வாய்க்கால் உறுமிக்கொண்டு ஓடியது.

முதல் உதை எங்களுடையது. நாங்கள் கோல் போட்டால் அவர்களும் போட்டார்கள். நாங்கள் தவறவிட்டால் அவர்களும் கொடிக் கம்பத்தைப் பார்த்து உதைத்தார்கள். ஐந்து சுற்று முடிந்தது, பதினொன்று முடிந்தது, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இருபதாவது சுற்றில் மதாம் யூலாலி என்னைப் பார்த்தார்.

"இழுக்கிறாங்க, இல்லே?"

"ஆமா மதாம். நடுவர்கிட்டச் சொல்லணுமா?"

அவர் நீர்த்தேக்கத்தைப் பார்த்தார். இரண்டு ஆடுகளும் இப்போது கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. மதாம் எங்கள் ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு விரலை நீட்டினார்.

"நல்லா உதைக்கணும். ஆனா பந்துகிட்ட மெதுவா நடந்து போங்க. ரெண்டு தடவை துடைச்சு வைங்க."

நாற்பத்துமூன்றாவது சுற்று முடிந்தபோது பச்சைக் கொடி உயர்ந்தது. மைதானத்தில் நின்ற கைலூ ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஓர்வில் கையுறையைப் பிழிந்து மாட்டிக்கொண்டார்.

"சரி. இனிமே விளையாட்டு" என்றார்.

நாற்பத்துநான்காவது சுற்று. எங்கள் பக்கம் மழையின் முறை. ஓர்வில் அசையாமல் நின்று, கடைசி நொடியில் சரியான பக்கம் பாய்ந்தார். பந்து இரண்டு கைக்குள்ளும் வந்தது. பிறகு சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி உள்ளே போனது. அடுத்தது அவர்கள் பக்கம் ஓர்விலின் முறை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முழு மனதோடு, வாழ்க்கையில் உதைத்த எல்லா உதையையும் சேர்த்து உதைத்தார். பந்து கோல் கம்பத்தில் பட்டு, நீர்த்தேக்கத்தில் போய் விழுந்தது. அங்கே அது மிதந்தது.

நாங்கள் ஜெயித்தோம். பத்தாயிரம் பேரும் எங்களுக்குக் கைதட்டினார்கள். ஓர்வில் சேற்றில் மல்லாந்து படுத்து, வயிறு குலுங்கச் சிரித்தார். நான் கை கொடுத்துத் தூக்கினேன்.

"தோத்துட்டீங்களே" என்றேன்.

"நாளைக்குக் காலையில நான் பத்து மணி வரைக்கும் தூங்கப்போறேன், அமல்" என்றார்.

ஜெயித்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவது கைலூவின் வழக்கம். பத்துப் பேரைத் தூக்கினார்கள். மழையை அப்படித் தூக்க முடியாது. ஆகவே இரு பக்கத்துக்காரர்களும் தங்கள் குடங்களைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் கடைவீதி வழியாகப் போனார்கள். மதாம் யூலாலியையும் தூக்கினார்கள். அவர் மேலே இருந்தபடியே விரலை நீட்டி, எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விசா முடிந்ததால் மழை அன்று இரவே மேகமாகக் கிளம்பிவிட்டது. மறுநாள் மதியம் திரும்பும் விமானத்தில் ஏறினேன். என் வரிசையில் கைலூ மைதானத்தின் கைதட்டல் உட்கார்ந்திருந்தது. எங்களோடு இறுதி ஆட்டத்துக்கு வருகிறதாம். பெல்ட்டை மாட்டத் தெரியவில்லை, மாட்டிவிட்டேன். பணிப்பெண் சைவமா அசைவமா என்று கேட்டாள். சைவம் என்றது. கொஞ்சம் உயரம் போனதும், மேகத்தைப் பார்க்க வேண்டும், ஜன்னல் பக்கம் கிடைக்குமா என்று கேட்டது. எழுந்து இடம் மாறி உட்கார்ந்தேன்.