பதினாலாம் நம்பர் பாத்தி

ஐந்து வருடத்தில் மார்வா ட்விச்செல் புல்லைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட, பதில் போடாத மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் அதிகம். மேற்கு மாநிலங்களில் ஏழு பல்கலைக்கழகங்கள், அவற்றுக்கு ஏழு ஆராய்ச்சி நிலையங்கள், நிலையத்துக்கு ஒரு புல் விஞ்ஞானி. ஒரே இருபத்துநாலு வகைப் புல்லை ஏழு இடத்திலும் வகைக்கு நாலு பாத்தி பிடித்து ஒரே மாதிரி வளர்த்து, ஒரே மாதிரி மதிப்பெண் போட வேண்டும். அதை ஒருங்கிணைப்பது அவள் வேலை. ஒருங்கிணைப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கெஞ்சுவதுதான். மே மாதம் கேட்ட அட்டவணை ஆகஸ்டில் வரும். வந்ததில் ஒருவர் ஒன்பதுதான் உசத்தி என்று போட்டிருப்பார், இன்னொருவர் ஒன்றுதான் உசத்தி என்று போட்டிருப்பார். மூன்றாமவர் போன வருட அட்டவணையையே மறுபடி அனுப்பிவிட்டு மீன் பிடிக்கப் போயிருப்பார்.

அவளுக்கென்று ஒரு பாத்திகூடக் கிடையாது. யூட்டாவில் மூன்றாம் மாடியில் ஒரு அறை, ஒரு கணினி, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். புல்லை ஆராயப் படித்தவள், புல்லைத் தொட்டே வெகு நாளாகியிருந்தது. வருகிற டிசம்பரில் ஓய்வு. கணவர் டெல் ஏற்கெனவே உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் போகிற ஒரு பழைய கூண்டு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு, ஆரெகன் கடற்கரைக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்தக் கடைசி அறிக்கையை வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டால் தலைமுழுகிவிடலாம். நாலு வருடம் புல்லை நன்றாக வேரூன்றவிட்டு, ஐந்தாம் கோடையில் தண்ணீரைப் பாதியாகக் குறைப்பது, எது தாங்குகிறது என்று பார்ப்பது. சோதனை மொத்தமும் அந்த ஒரு கோடையில்தான் இருந்தது. ஊர் ஊராகத் தண்ணீர்த் தட்டுப்பாடு. பூங்காவில் எதை நடுவது, பள்ளிக்கூட மைதானத்தில் எதை நடுவது என்று நகராட்சிகள் அந்தப் பட்டியலுக்குக் காத்திருந்தன. மதிப்பெண் ஒன்று என்றால் செத்த புல், ஒன்பது என்றால் பச்சைக் கம்பளம், ஆறு இருந்தால் தாராளமாக நடலாம். பதினாலாம் நம்பர் புல் ஆறு நிலையத்திலும் ஏழுக்குக் குறையவில்லை. பாதித் தண்ணீரில்! இத்தனை வருடக் கெஞ்சலுக்கு ஒரு பலன் என்று மார்வாவுக்கு மனசு நிறைந்துதான் போனது.

ஏழாவது கட்டம் மட்டும் காலி. அது நியூ மெக்ஸிகோ நிலையத்து எலிசெயோ பாக்காவுடையது. அந்த மனிதர் ஐந்து வருடத்தில் ஒரு மெயிலுக்கும் பதில் போட்டதில்லை. ஜூலையில் எல்லா நிலையத்தையும் சுற்றிப் பார்த்த மதிப்பாய்வுக் குழு, ஆறு இடம் அருமை, பாக்காவின் இடம் பராமரிப்பே இல்லை, பாத்தியெல்லாம் காய்ந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தது. அவரைத் திட்டத்திலிருந்து நீக்கலாம் என்று மார்வாவும் தன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டாள். எழுதும்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அட்டைப் படத்துக்குப் பதினாலின் ஒரு நல்ல போட்டோ வேண்டும். அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை காலை நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, ஐடஹோவில் ராய் உரியார்ட்டேயின் நிலையத்துக்குப் போனாள். ராய் இருபது வருட சிநேகிதன். மெயிலுக்குப் பதில் போடுகிற ஒரே ஆளும் அவன்தான்.

பாத்திகள் கண்ணைப் பறித்தன. ஓரமெல்லாம் கத்தரித்து, நம்பர் குச்சிகள் ஒரே கோட்டில் நின்றன. மார்வா சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மதிப்பெண் போடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள், இல்லாவிட்டால் வெயிலில் பச்சை கண்ணை ஏமாற்றிவிடும். பிறகு போட்டோ எடுக்க முழங்காலிட்டாள். முழங்கால் வலித்தது. பதினாலின் நடுவே வெளிறிய பச்சையில் சின்னச் சின்னக் குத்துகள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். போவா.

புல் விஞ்ஞானிகளுக்குப் போவாவைத் தெரியாமல் இருக்காது. எங்கே ஈரம் உண்டோ அங்கே அழைக்காமலே வந்து உட்காரும் களை. மேல்மண் நாலு நாள் காய்ந்தால் செத்துவிடும். பாதித் தண்ணீர் விட்ட பாத்தியில், செப்டம்பரில், அதற்கு வேலையே இல்லை.

"ராய், இங்க வா."

ராய் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். காரமான பன்றிக் கறித் தொத்திறைச்சி வைத்த ரொட்டி, அவளுக்கும் சேர்த்து.

"இது என்ன?"

"போவா மாதிரி இருக்கு."

"மாதிரியா? உனக்குத் தெரியாதா? இது எப்படி இங்க முளைச்சுது?"

"காத்துல வந்திருக்கும்."

"விதை காத்துல வரும். தண்ணி காத்துல வருமா?"

ராய் ரொட்டியை வண்டியின் பின்பலகையில் வைத்தான். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"ஜூலைல குழு வந்துச்சுல்ல, அதுக்கு முன்னாடி ஊத்தினேன். ரெண்டு தடவைதான்னு நெனச்சேன். அப்புறம் நிறுத்த மனசு வரல மார்வா. நாலு வருஷம் புள்ள மாதிரி வளர்த்தது. தினம் காலைல வந்து அது சாகறதப் பார்த்துக்கிட்டு எப்படி நிக்கறது?"

"சாகறதப் பார்க்கத்தானே உன்ன நிக்க வெச்சிருக்கோம்! அதுதானய்யா சோதனை!"

"கத்தாத. நீ சொன்னதத்தான் செஞ்சேன்."

"நானா? நான் எப்ப தண்ணி ஊத்தச் சொன்னேன்?"

"மெயில் போட்டியே. நல்லா தேடிப் பாரு."

அவள் போனை எடுத்துத் தேடினாள். ஜூன் ஒன்பதாம் தேதி, ஏழு பேருக்கும். 'குழு வருகிறது. இந்தத் திட்டம் தொடர்வது அவர்கள் கையில். பாத்திகள் பார்க்க லட்சணமாக இருக்கட்டும்.' அன்றைக்கு எழுதிய பதினோரு மெயிலில் இது ஒன்று. குச்சியை நேராக நடுங்கள், குப்பையை அள்ளுங்கள் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. அது எழுத்தில் எங்கேயும் இல்லை.

பொய்ப் பாத்திகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அசதிதான் வந்தது.

"சரி விடு. என் நிலையத்த அடிச்சிரு. இன்னும் அஞ்சு இருக்கே," என்றான் ராய்.

"அந்த அஞ்சு பேருக்கும் இதே மெயில்தான் போயிருக்கு."

ராய் ரொட்டியைத் திரும்பப் பொட்டலத்தில் சுற்றினான்.

கேட்காமலே விட்டுவிடலாம். அப்படி நினைத்தாள்தான், அதை மறைப்பானேன். வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு டிசம்பரில் கடற்கரைக்குப் போய்விட்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? நகராட்சிகள் பதினாலை நடும். முதல் கோடையில் மைதானம் மைதானமாகக் காயும். அப்போது அவள் ஆரெகனில் காலை நனைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கால் நனைகிற இடத்தில்தான் மனசு இடித்தது.

ராயின் அலுவலகத்தில் உட்கார்ந்து ஐந்து பேருக்கும் எழுதினாள். 'என் ஜூன் மெயிலுக்குப் பிறகு பாத்திகளுக்குக் கூடுதலாகத் தண்ணீர் விட்டீர்களா? தப்பு என்னுடையது. உண்மையை மட்டும் சொல்லுங்கள்.'

என்ன அதிசயம், மூன்று மணிக்குள் ஐந்து பேரும் பதில் போட்டுவிட்டார்கள். ஐந்து வருடத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. ஒருவர் பத்து நாள் மட்டும் விட்டாராம். ஒருவர் தெளிப்பானைத் திறக்கவில்லையாம், வாளியில்தான் ஊற்றினாராம், அது கணக்கில் வராது என்று நினைத்தாராம். இன்னொருவர், 'நீங்கள் சொன்னதால்தான்' என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் எழுதியிருந்தார். ஐந்தும் போயிற்று.

"எலிசெயோவுக்கு எழுதலியா?" என்றான் ராய்.

"எழுதி?"

"போன் பண்ணிப் பாரேன். அந்தாளு வயலுக்குப் போறப்பவும் போன பாக்கெட்லதான் வெச்சிருப்பாரு."

ஐந்து வருடத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. ராய்க்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மார்வா. நல்லா இருக்கீங்களா? குரல் ஏன் இப்படிக் கெடக்கு?"

"எலிசெயோ, இந்தக் கோடைல நீங்க மதிப்பெண் போட்டீங்களா?"

"போடாம? வாரா வாரம் போட்டிருக்கேன். நோட்டு சட்டைப் பைலயே இருக்கு. யாரும் கேக்கவே இல்லியேன்னு பார்த்தேன்."

மார்வா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தண்ணி எவ்வளவு விட்டீங்க?"

"இதென்ன கேள்வி? பாதி. தாள்ல பாதின்னுதானே போட்டிருந்துது. குழுவுல வந்த ஒரு அம்மா, 'என்னங்க எல்லாம் செத்துக் கெடக்கு, நீங்க இங்க என்னதான் பண்றீங்க'ன்னு கேட்டாங்க. 'அதத்தாங்க பண்றேன்'னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க."

"பதினாலு எப்படி இருக்கு?"

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"பதினாலா? அது ஜூலை கடைசிலயே போயிடுச்சு. ஒண்ணு. நாலு பாத்திலயும் ஒண்ணு. மொதல்ல சாஞ்சதே அதுதான்."

ராய் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டான்.

"எதாவது உயிரோட இருக்கா?"

"மூணாம் நம்பர். பார்க்க அசிங்கமா இருக்கும். சாம்பல் கலரு, கட்டாந்தரையில ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். ஆனா அஞ்சு, அஞ்சரைக்குக் கீழ எறங்கல. பிடிவாதக்காரப் புல்லு."

மூன்றாம் நம்பருக்கு மற்ற ஆறு பேரும் நாலுதான் போட்டிருந்தார்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் அது சோம்பிப் போய் மற்றதைவிட மட்டமாகத் தெரியும். அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டிருந்தாள்.

"ஒரு எடத்துல பார்த்தது போதாதே எலிசெயோ," என்றாள். "ஏழு எடத்துலயும் பார்க்கணும். இன்னொரு கோடை வேணும்."

"வேணும்னா பண்ணுவோம். புல்லு எங்கயும் ஓடிடாது. நீங்க டிசம்பர்ல போறதா யாரோ சொன்னாங்களே?"

"போறதாத்தான் இருந்தேன்."

சொல்லும்போது வாசலில் நிற்கிற கூண்டு வண்டி நினைவுக்கு வந்தது. டெல்லிடம் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். மடிக்கணினியில் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். எலிசெயோ பாக்காவை நீக்கலாம் என்ற பத்தியை அழித்தாள். அந்த இடத்தில், ஐந்தாம் கோடையை மறுபடி நடத்த வேண்டும், பிழை ஒருங்கிணைப்பாளருடையது என்று எழுதினாள். ஏழாவது கட்டத்தில் பதினாலுக்கு நேரே ஒன்று என்று போட்டாள். இத்தனை நாள் காலியாகக் கிடந்த கட்டம் அது.

"ஆமா மார்வா," என்றார் எலிசெயோ போனில், "நீங்க மெயில் போட்டதா குழுவுல சொன்னாங்க. நெறைய போட்டிருக்கீங்களோ? எனக்கு அந்தப் பெட்டியத் தொறக்கற பாஸ்வேர்டே மறந்துபோச்சு. ஒரு நாள் உக்காந்து எல்லாத்தையும் படிச்சிடறேன். கோவிச்சுக்காதீங்க."

"வேண்டாங்க," என்றாள் மார்வா. "தயவுசெஞ்சு படிச்சிடாதீங்க."