விரல் எண்ணும் வீடு

மஜீதின் குடும்பத்தில் தகப்பன் வேலையில் எந்த விரலை இழக்கிறானோ, அந்த விரல் இல்லாமல்தான் அடுத்த பிள்ளை பிறக்கும். ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் இது, தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்பதுபோல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆச்சரியப்படுகிறவர்கள் எல்லாம் ராயபுரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள். முதலில் போனது மஜீதின் தகப்பனார் கமாலின் இடது சுண்டுவிரல். அறுபத்திரண்டாம் வருஷம் துறைமுகத்தில் கோதுமை மூட்டை இறக்கும்போது பாரம் தூக்கும் வின்ச்சுக் கம்பி இறுகி அதைக் கொண்டுபோனது. மறுவருஷம் மஜீது இடது சுண்டுவிரல் இல்லாமல் பிறந்தார். அந்த இடத்தில் ஒரு தழும்புகூட இல்லை. விரல் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்பதே கைக்குத் தெரியாததுபோல வழவழவென்று இருந்தது. மஜீது வளர்ந்து விம்கோ நகர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷினில் தகரம் வெட்டப் போனார். மூத்தவன் மொஹ்சின் பிறந்தபோது அவருடைய மிச்ச ஒன்பதும் பத்திரமாக இருந்ததால் மொஹ்சினுக்கும் ஒன்பது. தொண்ணூற்றிரண்டில் மிஷின் அவருடைய வலது ஆள்காட்டி விரலை எடுத்துக்கொண்டது. தொண்ணூற்று மூன்றில் இளையவன் முதஸ்ஸிர் பிறந்தான், எட்டு விரலோடு. தாய் பதுருன்னிசாவுக்குப் பத்து விரலும் உண்டு. அது கணக்கிலேயே வரவில்லை.

இதனால் அந்த வீட்டில் இரண்டு வழக்கங்கள் உண்டாயின. பிள்ளை பிறந்தால் காதில் பாங்கு சொல்வதற்கு முன்னால் விரல்களை எண்ணிப் பார்ப்பது ஒன்று. இன்னொன்று கையுறை தைப்பது. கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் கையுறையில் ஐந்து விரல் இருக்கும். ஆளில்லாத விரல் தொங்கிக்கொண்டிருந்தால் மிஷின் அதைப் பிடித்து, மிச்ச விரல்களையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். அதனால் வெற்று விரலை உள்பக்கமாகத் தள்ளி வாயைத் தைத்துவிட வேண்டும். பதுருன்னிசா கல்யாணமாகி வந்த மறுநாள் மாமியார் அவளிடம் கொடுத்த முதல் வேலை இதுதான். நாற்பது வருஷமாக அவள் தைத்த விரல்களைச் சேர்த்தால் ஒரு கோணி நிறையும்.

முதஸ்ஸிர் எட்டு விரலோடு பள்ளிக்கூடம் போனான், எட்டு விரலோடு பட்டம் விட்டான், எட்டு விரலோடு பத்தாவது பரீட்சை எழுதினான். அவனுக்கு அதில் பெரிய குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே ஒரு ஆசை அவனை விடவே இல்லை. தனக்கு வந்த எட்டையும் எட்டாகவே தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சொத்து சேர்க்க ஆசைப்படுவார்கள்; இவன் இருப்பதில் ஒன்று குறையாமல் இருந்தால் போதும் என்று ஆசைப்பட்டான். ஷேர் ஆட்டோ ஓட்டும் மொஹ்சின் தன் ஒன்பது விரலையும் விரித்துக் காட்டி, "நா பணக்காரன்டா மாமு" என்று தம்பியைக் கிண்டல் செய்வான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் யசோதரா என்கிற டாக்டர் அந்தச் சந்துக்கு வந்தார். நகரத்தின் தென்கோடியில் மரபணு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, நம்பாமல்தான் வந்திருந்தார். எல்லோர் கையையும் படம் எடுத்தார், எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார். அதற்கு முன்னால் மஜீதை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். வேலையில் போன விரல் பிள்ளைக்கும் இல்லாமல் போகச் சாத்தியமே இல்லை. மரபணு என்பது உடம்புக்குள் எழுதி வைத்த எழுத்து. விரலை வெட்டினால் எழுத்து வெட்டுப்படாது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஒருவர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். கடைசிவரை குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன.

மஜீது கவனமாகக் கேட்டுக்கொண்டார். "எலிக்கு இன்னாமா," என்றார், "அது இன்னா வேலைக்கா போவுது?"

நாலு மாதம் கழித்து டாக்டர் திரும்பி வந்தபோது முகத்தில் தூக்கம் இல்லை. எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மஜீதின் ரத்தத்திலும் முதஸ்ஸிரின் ரத்தத்திலும் பத்து விரலுக்கான எழுத்தும் ஒன்றுகூடப் பிழையில்லாமல் இருக்கிறது. ஆனால் சில எழுத்துகளின் மேல் ஏதோ ஒட்டிக்கொண்டு, அவற்றைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. அப்படி ஒட்டுவது உலகத்தில் எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். அது ஒரே ஒரு விரலுக்கு மட்டும், அதுவும் தகப்பன் தொலைத்த அதே விரலுக்கு மட்டும் எப்படி நடக்கிறது என்றுதான் தெரியவில்லை.

முதஸ்ஸிர் அப்போது எண்ணூர்ச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது சட்டென்று புரிந்தது. "சரக்கு உள்ளாறதான் கீது. யாரோ சீல் வெச்சிட்டாங்க. அப்டிதானே மேடம்?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்க."

"எனுக்கு எட்டு. எம்புள்ளைக்கி எட்டும் வருமா?"

"அத என்னால சொல்ல முடியல," என்றார் டாக்டர். பாவம், எழுந்து போகிறவர் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று ஒரு வார்த்தை சேர்த்தார்: "கைய பத்திரமா பாத்துக்கோங்க."

வேறு யாராவது என்றால் அதை ஒரு மரியாதை வார்த்தையாக எடுத்துக்கொண்டு மறந்திருப்பார்கள். முதஸ்ஸிர் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டான். இரும்பிலேயே பிறந்து இரும்பிலேயே வளர்ந்த சந்து அது. உபயோகிக்காத பொருள் தேயாது என்பதுதான் அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஞ்ஞானம். மறுநாளிலிருந்து அவன் கையை உபயோகிப்பதை நிறுத்திவிட்டான். யார்டில் சூபர்வைசர் பாஸ்கரைக் கெஞ்சி, கேட்டில் கன்டெய்னர் நம்பரை வாசிக்கும் வேலையை வாங்கிக்கொண்டான். லாரி வந்து நின்றால் நம்பரை உரக்கப் படிக்க வேண்டியது, எழுதுவது இன்னொருவன். கைகள் இரண்டும் தடித்த கையுறைக்குள், கையுறைகள் இரண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள். கதவைத் தோளால் தள்ளினான். டீயை மேஜையில் வைத்து உறிஞ்சினான். தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யும்போது குழாயைத் திறந்துவிட மொஹ்சின் கூடவே போனான். சுடுதண்ணீர், பிளேடு, தாழ்ப்பாள், சைக்கிள் சங்கிலி என்று உலகமே விரலைப் பறிக்கப் பின்தொடர்வதாக அவனுக்குத் தோன்றியது. பயந்துபோன மனுஷனை ஓரளவுக்கு மேல் கிண்டல் செய்யவும் முடியாது. சந்து அவனை அப்படியே விட்டுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து தண்டையார்ப்பேட்டை உமைமாவோடு அவனுக்கு நிக்காஹ் நடந்தது. பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணை ஒப்படைக்க வேண்டிய நேரத்தில் முதஸ்ஸிர் கையுறையோடு கையை நீட்டினான். பெரியவர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கையுறையின் தோலைப் பிடித்துக்கொண்டார். உமைமா சிரித்த முகக்காரி, வீட்டில் தையல் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவள். அவனுக்குச் சோறு ஊட்டினாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். எல்லாம் அவளுக்கு முதல் வருஷம் விளையாட்டாக இருந்தது. கட்டிக்கொள்ளும்போதுகூட அவன் கைகள் முதுகுக்குப் பின்னால் காவல் நின்றன. "இந்தக் கைய்ய நா பாத்ததே இல்லீங்க," என்று ஒருநாள் சொன்னாள். புள்ள பொறக்கட்டும், அப்புறம் பாரு என்றான். அவள் அந்த நாளைக்குக் காத்திருந்தாள்.

புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் மிதந்த டிசம்பரில் ஃபரா பிறந்தாள். பதுருன்னிசா குழந்தையை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கையையும் விரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எட்டு. சந்தேகத்துக்கு இன்னொரு தரம் எண்ணினாள். எட்டேதான். அறுபது வருஷத்தில், மொஹ்சினை விட்டால், அந்த வீட்டில் ஒரு தலைமுறை விரல் எதையும் இழக்காமல் அடுத்த தலைமுறையிடம் வந்து சேர்ந்தது அதுதான் முதல் தடவை. மஜீது பாங்கு சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மொஹ்சின் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், மூடிய கடையைத் திறக்க வைத்து லட்டு வாங்கி வந்தான். முதஸ்ஸிர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கையுறைகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டான். நாலு வருஷம் வெயில் காணாத கை, பிறந்த குழந்தையின் கையைவிட வெளுத்திருந்தது. அவன் வாழ்க்கையில் அதற்கு மேல் சந்தோஷமான நாள் இல்லை என்று எழுதிவிடலாம், பிறகும் வரவில்லை.

மூன்றாம் நாள் நர்ஸ் ஆலிஸ் அதைக் கண்டுபிடித்தாள். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் அது இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தக் குழந்தையும் பிடிக்கும், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபரா பிடிக்கவில்லை. ஆலிஸ் விரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். எட்டு விரலும் ஈரத் துணி மாதிரி விரிந்தே கிடந்தன. நரம்பு பார்த்தார்கள், தசை பார்த்தார்கள், எலும்பைப் படம் எடுத்தார்கள். எல்லாம் சுத்தமாக இருந்தது. டாக்டர் யசோதரா செய்தி கேட்டு ஓடி வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை எதைத் தேடுவது என்று தெரிந்திருந்ததால் நாலே நாளில் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எழுத்து சரியாத்தான் இருக்கு," என்றார். "பிடிக்கிறதுக்கு வேண்டிய எல்லாமே..."

"சீல் வெச்சிகீதா?" என்றான் முதஸ்ஸிர்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதஸ்ஸிர் தன் கையைப் பார்த்தான். நாலு வருஷமாக ஒரு தாழ்ப்பாளைத் திறக்காத கை, ஒரு டம்ளரைத் தூக்காத கை, பெண்டாட்டியின் தோளைத் தொடாத கை. விரல்களை ஒன்றுவிடாமல் கொடுத்திருந்தான். தொலைத்ததையும் கூடவே கொடுத்திருந்தான். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் வாய்விட்டு அழுதான். உமைமா திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் குழந்தையின் முகத்தைத் துடைத்தபடி மெதுவாகத்தான் சொன்னாள்: "எட்டையும் பத்திரமா குட்த்துட்டீங்க. எத்தப் புடிக்கிறதுக்குன்னு சொல்லிக் குடுக்காம வுட்டுட்டீங்க."

ஃபரா வளர்ந்தாள். நடந்தாள், ஓடினாள், எட்டு மாதத்திலேயே பேசினாள். ஆனால் கிலுகிலுப்பையைக் கையில் வைத்தால் விழுந்தது, பிஸ்கட்டை வைத்தால் விழுந்தது. தெருவில் நடக்கும்போது அம்மாவின் விரலை அவள் பிடிக்கமாட்டாள். அம்மாதான் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். யசோதரா எழுதிய கட்டுரையை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. மாதம் ஒருமுறை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

முதஸ்ஸிர் நம்பர் வாசிக்கிற வேலையை விட்டான். கப்பல்களில் கன்டெய்னர்களை இரும்புத் தண்டு போட்டு இறுக்கிக் கட்டும் லேஷிங் வேலைக்குப் போனான். மழை, வெயில், உப்புக் காற்று எதிலும் அவன் கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. வீட்டுக்கு வந்தால் வெங்காயம் அரிந்தான், ஸ்டவ் துடைத்தான், உமைமாவுக்குத் தலை வாரிப் பின்னினான். தூங்கும்போது ஃபராவின் கையைத் தன் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுக்கொண்டே இருப்பான். விட்டால் அவை திறந்துகொள்ளும். மறுபடி மடக்குவான். தன் கை மறந்துபோனதையெல்லாம் மறுபடி கற்றுக்கொண்டால் அடுத்ததற்காவது போய்ச் சேரும் என்று அவன் நம்பினான். நம்புவதற்கு வேறு எதுவும் இல்லாததால் நம்பினான்.

உமைமா இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தபோது எடுத்த ஐந்தாம் மாத ஸ்கேனில் எட்டு விரல் தெரிந்தது. ஆறாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், இரும்புத் தண்டு ஒன்று நழுவி முதஸ்ஸிரின் இடது மோதிர விரலைக் கன்டெய்னரோடு வைத்து நசுக்கியது. அவன் வேண்டுமென்று செய்ததாகச் சந்தில் இரண்டு பேர் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை, கையை உபயோகிக்கிறவனுக்கு நடப்பது நடந்தது, அவ்வளவுதான். ஏழாம் மாத ஸ்கேனில் ஏழு விரல் இருந்தது. ஸ்கேன் எடுத்த பெண் ரேகா, போனமுறை தான்தான் தப்பாக எண்ணிவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள். நீங்கள் சரியாகத்தான் எண்ணினீர்கள் என்று உமைமா அவளைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

பையன் பிறந்தான். பதுருன்னிசா எண்ணி, "ஏழு" என்றாள். யாரும் லட்டு வாங்கப் போகவில்லை. மஜீது பாங்கு சொல்லக் குனிந்தபோது அந்த ஏழு விரலும் எழும்பி அவர் தாடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டன. பாங்கு முழுவதையும் அவர் குனிந்தபடியேதான் சொல்ல வேண்டியிருந்தது. முடித்த பிறகும் விடுவதாக இல்லை. ஆலிஸ் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். முதஸ்ஸிர் கட்டுப்போட்ட கையால் அந்தப் பிஞ்சுக் கையைத் தூக்கி ஃபராவின் உள்ளங்கை மேல் வைத்தான். தம்பியின் விரல்கள் அக்காவின் விரல்களைச் சுற்றி இறுகின. அவளுடையவை விரிந்தபடியே இருந்தன. அவள் சிரித்தாள்.

"நல்ல புடி," என்றார் மஜீது தாடியைத் தடவிக்கொண்டு. "லேஷிங்குக்குன்னே பொறந்தாப்பல கீது."

காயம் ஆறியதும் முதஸ்ஸிர் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். பையனுக்குப் பெயர் வைத்து, முடி இறக்கி, சந்தில் எல்லோருக்கும் கறிச்சோறு போட்ட மறுநாள், பதுருன்னிசா மகனுடைய புதுக் கையுறையை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். இடது சுண்டுவிரலை உள்ளே தள்ளித் தைத்தாள். வலது ஆள்காட்டியைத் தைத்தாள். புதிதாக இடது மோதிர விரலையும் தைத்தாள். அதை மடித்து வைத்துவிட்டு இன்னொரு ஜோடியை எடுத்து, அதே மூன்று விரல்களைத் தைக்க ஆரம்பித்தாள். அவசரமில்லாமல் நெருக்கமாகத் தைத்தாள். இருபது வருஷம் பிரியாமல் இருக்க வேண்டுமே. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த உமைமா, அது யாருக்கு என்று கேட்கவில்லை. மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால், நூலை வாங்கி ஊசியில் கோத்துக் கொடுத்தாள்.