நிற்பவர்களில் இடமிருந்து ஆறாவது

"அது நானில்லை கண்ணு" என்று அம்மா மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்கு அம்மாவின் மேல்தான் கோபம் வந்தது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மண்டபத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி. நகரம் வளர்ந்த கதையாம். மில் சங்கு ஊதும் நேரத்துச் சைக்கிள் கூட்டம், லைன் வீடுகளின் குழாயடிச் சண்டை, காரமடைத் தேருக்குப் புறப்படும் மில் பஸ். நடுவில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய ஒரு குரூப் போட்டோ. மதுக்கரை ரோட்டில் இருந்த மில்லில் 1980ஆம் வருட ஆயுத பூஜையன்று எடுத்தது. நூல் சுற்றும் ரீலிங் பிரிவுப் பெண்கள் முப்பத்தொரு பேர். கீழே எல்லோருடைய பெயரும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. நிற்பவர்களில் இடமிருந்து ஆறாவது, ராசாத்தாள். என் அம்மாவின் பெயர்.

பெயர்களைத் திரட்டியவள் சைத்ரா. கண்காட்சிக்காக ஒரு வருடம் வீடு வீடாக அலைந்த பெண். படத்தில் இருப்பவர்களில் இன்று உயிரோடு இருப்பது அம்மா மட்டும்தான் என்று போன் செய்திருந்தாள். திறப்பு விழாவில் அம்மா படத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும், பத்திரிகைக்காரர்கள் எடுப்பார்கள் என்றாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றேன். யாரோ என் அம்மாவைத் தேடியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

"நாப்பத்தஞ்சு வருசம் ஆச்சுங்கம்மா. நம்ம மூஞ்சியே நமக்கு மறந்துருமுங்க" என்றாள் சைத்ரா. "நல்லாப் பாருங்க. மூக்கு அப்படியே நீங்கதான்."

"மூக்கு எல்லார்த்துக்குந்தான் இருக்குது. அது பழனாத்தா. போத்தனூர்க்காரி."

"அன்னைக்கு மஸ்டர் நோட்டுல ஆஜர் முப்பத்தொரு பேருங்க, படத்துலயும் முப்பத்தொரு பேரு. முப்பது பேரை அவங்கவங்க ஊட்ல காட்டி உறுதி பண்ணிட்டேன். மீதி ஒரு மூஞ்சி, மீதி ஒரு பேரு. பழனாத்தாள் அன்னைக்கு லீவுங்களே?"

"லீவுதான். போட்டோவுக்குன்னே புதுச்சேலை கட்டீட்டு வந்து நின்னா. அவளுக்கு அதுல ஒரு கிறுக்கு."

சைத்ரா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வயதானவர்களைத் தாண்டி அவர்கள் பிள்ளைகளிடம் சிரிக்கும் சிரிப்பு. நானும் திருப்பிச் சிரித்தேன். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, "எதுக்கும்மா வம்பு? ரெண்டு நிமிசம் நின்னுட்டுப் போலாம்" என்றேன்.

அம்மா கையை உருவிக்கொண்டாள்.

"நான் ஆஜர்தான். வரிசைல நிக்கப் போனேன். மேஸ்திரி தனியாக் கூப்புட்டு, 'நீ வேண்டாம் அம்மணி, நல்ல நாளு பாரு'ன்னார். மொதலாளி சொல்லியனுப்புனாராம். போட்டோக்காரனுக்குப் பின்னால போய் நின்னேன். ஆமினா பீவி கைக்கொழந்தையை என்ற கையில குடுத்துப்போட்டுப் போய் நின்னுக்கிட்டா. படத்துல எல்லாரும் பாக்கறாங்களே, என்னையத்தான் பாக்கறாங்க."

அப்பா அந்த வருடம் ஜூலையில் அதே மில்லின் பஞ்சு சீவும் கார்டிங் பிரிவில் மெஷின் பெல்ட்டில் சிக்கிச் செத்தார். ஒன்றரை மாதத்தில் அம்மாவுக்கு வேலை கொடுத்தார்கள். மில்காரர்களின் பெருந்தன்மையென்று உறவில் இன்றும் பேசுவார்கள். அவர் செத்ததற்காக வேலை. அவர் செத்ததற்காகவே படத்தில் இடமில்லை.

என் கோபம் அம்மாவை விட்டு இறங்கியது. ஆனால் நேராக மில்காரர்களிடம் போகவில்லை. முதலில் என்னிடம் வந்தது. என் மகள் ரித்திகாவின் பூப்புச் சீர் அன்று, ஆரத்தித் தட்டைத் தூக்கும் நேரத்தில் அம்மா தானாகவே சமையலறைப் பக்கம் ஒதுங்கினாள். நான் பார்த்தேன். கூப்பிடவில்லை. அவளே போய்விட்டது எனக்கு வசதியாக இருந்தது. அந்த மேஸ்திரியாவது வாய் திறந்து சொன்னார்.

அதற்குள் மனோஜ்குமார் வந்துவிட்டார். அந்த மில் முதலாளியின் பேரன், கண்காட்சியை நடத்துபவர். சைத்ரா அவர் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை.

"அதுக்கென்னங்க, பேரு அம்மாவோடதுதானுங்களே. யாரு வந்து மூக்கை எண்ணப் போறாங்க? அம்மா, அப்படி வந்து நில்லுங்க. மீடியா காத்துட்டிருக்காங்க."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய அநியாயத்தின் வாலிலும் ஒரு 'ங்க' தொங்கும்.

நான் குனிந்து அம்மாவின் பெயரை நகத்தால் சுரண்டத் தொடங்கினேன். 'ரா' பாதி உரிந்தது.

"அதை எதுக்குப் பிக்கறே?" என்றாள் அம்மா. "இருவத்தாறு வருசம் அங்க நூல் சுத்துனவ நான். பேரையும் எடுத்துப்போட்டா அங்க வேலையே செய்யலைன்னு ஆயிரும்."

"அப்ப என்னம்மா பண்றது?"

"அவ எடத்துல அவ பேரை எழுது. நான் நின்ன எடத்தையும் எழுது."

சைத்ராவிடம் மார்க்கர் கேட்டேன். அவள் மனோஜ்குமாரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சிரிப்பு இப்போது இல்லை. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"ஏனுங்க, அது வாடகைக்கு எடுத்த போர்டுங்க" என்றார் மனோஜ்குமார்.

படத்தின் கீழே இருந்த வெள்ளையில் பெரிதாக எழுதினேன். ஆறாவது பழனாத்தாள். ராசாத்தாள் அன்று வேலைக்கு வந்திருந்தார். அந்த ஜூலையில் இதே மில்லில் கணவர் இறந்ததால் படத்தில் நிற்க விடவில்லை. போட்டோக்காரருக்குப் பின்னால், ஆமினா பீவியின் குழந்தையோடு நின்றார்.

பத்திரிகைக்காரர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள். ஒருவர் நான் எழுதியதைச் சத்தமாகப் படித்தார். அம்மா விரலை வைத்து, எழுத்தெழுத்தாக அவருக்குப் பின்னால் படித்து வந்து ஒரு இடத்தில் நின்றாள்.

"விடலைன்னு போட்டுருக்கே. யாரு விடலைன்னு போடலையே."

அம்மா மனோஜ்குமாரின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவேயில்லை.

"தம்பி, உங்க தாத்தா பேரை முழுசாச் சொல்லுங்க. தப்பில்லாம எழுதிக்கட்டும்."

அவர் பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். நான் மறுபடி போர்டில் வைத்த மார்க்கரை எடுக்காமல் காத்திருந்தேன்.