வேர்க்காத மிளகு

மின்விசிறி நின்றதைப் பிரேக் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மின்சாரம் திரும்பி வராமலா இருக்கும்? கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் திறந்தான். அது இரண்டு முறை இருமிவிட்டு ஓய்ந்துபோனது. மோட்டார் ஓடினால்தான் மேல்தொட்டியில் தண்ணீர், மின்சாரம் இருந்தால்தான் மோட்டார். அப்போதுதான் அவன் எழுந்து வாளியை எட்டிப் பார்த்தான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். எந்நேரமும் அதன்மேல் காலை வைத்தே பழகியதில், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட எதிரில் இருப்பவர் வேகமாகப் பேசினால் அவன் கால் தரையை அழுத்தும். பிரேக் என்று மாணவர்கள் வைத்த பெயர் வீடுவரை வந்துவிட்டது. இப்போது உடன்பிறந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அந்த அக்காவின் மகள்தான் இன்று அவன் பொறுப்பு. ஆறு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், மிளகு என்றால்தான் திரும்புவாள். ஆள் இத்தனூண்டு, காரம் ஆளைவிட அதிகம். வேர்வைச் சுரப்பிகள் இல்லாமலே பிறந்தவள். நமக்கெல்லாம் உடம்பு சூடானால் வேர்த்துத் தணிந்துவிடும். அவளுக்கு ஏறிய சூடு தானாக இறங்காது, யாராவது நனைத்துவிட வேண்டும். அதே குறையால் வாயில் மூன்றே பற்கள், மூன்றும் கூராக. தலையில் முடி என்று சொல்ல ஏதோ கொஞ்சம்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அக்கா அவளை யாரிடமும் விட்டதில்லை. இன்று விட்டதற்குக் காரணம் ஒரு நேர்முகத் தேர்வு, பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை. இத்தனை வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் நாள் இது. இன்று ஏதாவது கோணலானால் இனி ஜென்மத்துக்கும் அவள் பிள்ளையை விட்டு வாசலைத் தாண்ட மாட்டாள். அது பிரேக்குக்கு நன்றாகவே தெரியும்.

காலையில் அவள் கிளம்பியதே ஒரு பெரிய கதை.

"சட்டையை நனைச்சுக்கிட்டே இரு. கழுத்துல அடிக்கடி கை வச்சுப் பாரு. சுட்டா முதல்ல தண்ணி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. காஞ்ச உடம்போட அங்க வரிசையில நிக்க வச்சிடாத."

"சரிக்கா."

"இவளைப் பத்தி வெளியில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"எதுக்குக்கா சத்தியமெல்லாம்?"

"பண்ணுடா."

பண்ணினான். பிறகு அவள் மிளகின் முன்னால் குனிந்தாள்.

"வெளியில போனா?"

"தொப்பி போடணும். வாயைத் திறக்கக் கூடாது."

"யாராவது எதாவது கேட்டா?"

"ஒண்ணுமில்லன்னு தலையாட்டணும்."

சாவி கொடுத்த பொம்மை மாதிரிச் சொன்னாள் மிளகு. எப்போதோ ஒரு பூங்காவில் இவள் சிரித்ததைப் பார்த்த ஒருத்தி, தன் பிள்ளையைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டாளாம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அதனால் அக்கா தன்னால் மூட முடிந்த ஒரே வாயை மூடிவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, பெற்றவள் பட்டது அப்படி.

இப்போது வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. அதில் மிளகின் சட்டையையும் ஒரு துண்டையும் நனைத்தான். மிச்சத்தைத் தெளிப்பான் புட்டியில் ஊற்றிக்கொண்டான். பிறகு கைபேசியில் தேடினான்: குடும்பத்தோடு போக, பணம் கட்டாமல் தண்ணீரில் விளையாட, பக்கத்தில் எங்கே இடம்? மூன்று வந்தன. ஏரிக்கரைப் பூங்கா, கடைவீதிச் சதுக்கம், பாலத்துக்கு அந்தப் பக்கம் நூலகத்தின் பின்னால் ஒரு மைதானம். படங்களில் தரையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது, பிள்ளைகள் குதித்தார்கள்.

"நிஜமாவே தரையிலேருந்து வருமா மாமா? நானும் உள்ள போகலாமா?"

"உனக்காகத்தானே போறோம்."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவனுக்கே பெருமையாக இருந்தது. பிள்ளைக்குக் குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, வேடிக்கைக்கு வேடிக்கை. பயிற்சிக் கார் வாசலில் நின்றது, கூரையில் எல் போர்டோடு. அதில் ஏசி கிடையாது. ஏசி போட்டால் கற்றுக்கொள்ள வருகிறவன் தூங்கிவிடுவான் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டான். மிளகு தொப்பியை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

ஏரிக்கரைப் பூங்காவின் கதவில் பூட்டு. உள்ளே இரண்டு பேர் காய்ந்த தரையைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் ஒருநாள் சுத்தம் செய்வார்களாம், அந்த ஒருநாள் இன்றுதானாம். பிரேக் புட்டியை எடுத்து மிளகின் முகத்திலும் கழுத்திலும் தெளித்தான்.

"சூடா இருக்கா மிளகு?"

தலையை ஆட்டினாள், இல்லை என்று.

சதுக்கத்தில் பூட்டு இல்லை. ஆனால் தண்ணீர் வரும் துளைகள் அத்தனையின்மேலும் மேடை போட்டு, அதன்மேல் ஒரு புதுக் காரை நிறுத்தியிருந்தார்கள், விளம்பரத்துக்கு. தனக்குச் சோறு போடும் பொருளாக அவன் நம்பிய ஒன்று, இன்று தண்ணீரின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்த இடத்தில் தண்ணீர் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில், புட்டியில் இருந்த கடைசிச் சொட்டுவரை மிளகின் தலையில் தெளித்தான்.

"முடியலன்னா சொல்லு. எதாவது செய்யுதா?"

மறுபடியும் தலையாட்டல்.

வீட்டில் வாய் ஓயாதவள் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு முணுமுணுப்பு இல்லை, அடம் இல்லை. இத்தனை அடக்கமான பிள்ளையை வைத்துக்கொண்டா அக்கா இத்தனை வருஷம் அல்லாடினாள் என்று நினைத்தான் அந்தப் புத்திசாலி. நமக்கே பிள்ளை வளர்க்கும் கைராசி இருக்கிறதோ என்றுகூட நினைத்தான்.

பாலத்தின் நடுவில் வண்டிகள் நின்றுவிட்டன. மேலே நிழல் இல்லை, கீழே ஆறு வறண்டு கிடந்தது. ஜன்னல் வழியாக அடுப்பங்கரைக் காற்று வந்தது. மடியில் கிடந்த துண்டைத் தொட்டான், மொறமொறவென்று காய்ந்திருந்தது. நிமிர்ந்து பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் பார்த்தான். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது. மிளகின் கண்கள் பாதி மூடியிருந்தன.

திரும்பிக் கழுத்தில் கை வைத்தான். இஸ்திரிப் பெட்டியைத் தொட்டதுபோல் கை தானாகப் பின்னால் வந்தது.

"மிளகு. ஏய் மிளகு, மாமாவைப் பாரு."

பார்த்தாள். உதடுகளை இறுக்கிக்கொண்டு, மெதுவாக, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

குடிக்க வைத்திருந்த புட்டியில் இரண்டு மடக்கு இருந்தது. ஒன்றைப் புகட்டினான், ஒன்றைத் தலையில் ஊற்றினான். அக்காவின் கைபேசி அணைந்திருந்தது, தேர்வுக்குள் போகும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி பாலம் தாண்டி இன்னும் தூரம். நூலகம் பாலம் இறங்கியதும் வந்துவிடும். அவன் ஹாரனில் கையை வைத்தான், எடுக்கவில்லை.

இத்தனை வருஷமாகக் கோட்டைத் தாண்டாதே என்று கற்றுக்கொடுத்தவன், கோட்டைத் தாண்டிப் பாலத்தின் ஓரமாகவே காரை விட்டான். எல் போர்டு அன்று நிஜமாகவே உதவியது. கற்றுக்குட்டி எவனோ கட்டுப்பாடு இழந்து வருகிறான் என்று பயந்து, ஆளுக்கு ஆள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் வலது கால் பிரேக் பக்கமே போகவில்லை.

நூலகத்தின் பின்னால் மைதானம் இருந்தது, தரையும் ஈரமாக இருந்தது. ஆனால் தண்ணீர் இல்லை. மரநிழலில் ஏழெட்டுக் குடும்பங்கள் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தன. சுவரோரமாக ஒரு பெரியவர் வால்வுப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தண்ணியைத் திறங்க."

"இப்பதான் அடைச்சேன் தம்பி. தொட்டி நிரம்பணும். சாயங்காலம் வாங்க."

"கொஞ்ச நேரம் போதும்ணே. பிள்ளைக்கு ரொம்ப சூடு."

"எல்லார் பிள்ளைக்கும் சூடுதான். அங்க பாருங்க, அத்தனை பேரும் காத்துக்கிட்டுதானே இருக்காங்க? ஒருத்தருக்குத் திறந்தா எனக்குத்தான் பேச்சு விழும்."

நியாயமான பேச்சு. வேறு நாளாக இருந்தால் பிரேக்கே தலையாட்டியிருப்பான். தோளில் மிளகின் தலை தொய்ந்து கிடந்தது. காலையில் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அக்காவின் முகம் ஒரு கணம் வந்து போனது. சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது என்று முடிவு செய்தான்.

"இவளுக்கு வேர்க்காதுண்ணே," என்றான். குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "பிறந்ததிலேருந்தே வேர்க்காது. தண்ணி படலன்னா சூடு ஏறிக்கிட்டே போகும்."

நிழலில் இருந்த ஒரு பெண் சிரித்தாள். "வேர்க்காதா? குடுத்து வச்ச பொண்ணு."

மிளகின் தொப்பியைக் கழற்றினான். வால்வுக்காரரின் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் கழுத்தில் வைத்தான். அவர் ஒரு நொடிதான் வைத்திருந்தார். அடுத்த நொடி சாவியைத் தேடினார், இரண்டு முறை தவறவிட்டு மூன்றாவது முறை பூட்டைத் திறந்தார். சிரித்த அந்தப் பெண்தான் முதலில் எழுந்து ஓடிவந்தாள். தன் புட்டித் தண்ணீரை மிளகின் தலையில் கவிழ்த்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஆளுக்கொரு புட்டியோடு வந்தார்கள்.

தரை குப்பென்று பீய்ச்சியது. பிரேக் மிளகை ஏந்தியபடி, காலணிகூடக் கழற்றாமல், தண்ணீரின் நடுவில் உட்கார்ந்தான்.

மிளகு அசையவில்லை. முகத்தில் தண்ணீர் ஓடியது, உதடுகள் இறுகியே இருந்தன. மயக்கமா, விழிப்பா, அவனால் சொல்ல முடியவில்லை. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல், தினம் மாணவர்களிடம் சொல்வது வாயில் வந்தது.

"ஹாரன் அடி மிளகு. உனக்குள்ள என்ன நடக்குதுன்னு மத்தவனுக்கு ஜோசியமா தெரியும்? ஹாரன் அடி."

ஒன்றுமில்லை. தண்ணீர் இரைந்தது.

"மாமாவுக்காக ஒரு தடவை. வாயைத் திற தங்கம்."

உதடுகள் மெல்லப் பிரிந்தன.

"பாம்," என்றாள் மிளகு.

பிரேக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதான். தண்ணீரில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நன்றாகவே அழுதான்.

அரை மணி நேரத்தில் கழுத்துச் சூடு இறங்கிவிட்டது. ஒருமுறை திறந்த ஹாரன் பிறகு அடங்கவில்லை. ஒவ்வொரு பீய்ச்சலுக்கும் பாம், பாம் என்று மூன்று பல்லும் தெரியக் கத்தினாள். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. வால்வுக்காரர் பெட்டிப் பக்கத்திலேயே நின்றார், பூட்டவில்லை.

அதற்குள் அக்கா அழைத்தாள். பிரேக் இடத்தைச் சொன்னான், நடந்ததையும் மறைக்கவில்லை. அவள் வாடகைக் காரில் வந்து இறங்கி, தேர்வுக்கென்று தேய்த்துப் போட்ட உடையோடு தண்ணீருக்குள் நேராக நடந்து வந்தாள். பிள்ளையின் கழுத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"யார்கிட்ட சொன்ன?"

"எல்லார்கிட்டயும்."

அவள் கையை ஓங்கினாள். அது இறங்குவதற்குள் மிளகின் பக்கத்தில் நின்ற ஒரு வாண்டு கேட்டது: "உனக்கு ஏன் மூணு பல்லுதான் இருக்கு?"

அக்கா நின்ற இடத்திலேயே விறைத்தாள். விழுந்துவிட்டது, முளைக்கும் என்று எப்போதும் சொல்லும் பொய் அவள் நாக்கு நுனிவரை வந்தது. மிளகு முந்திக்கொண்டாள்.

"எனக்கு மூணுதான். வேர்க்கவும் வேர்க்காது. உனக்கு வேர்க்குமா?"

"ம்," என்றது வாண்டு, ஏதோ தப்புச் செய்தது போல.

முதலில் ஓடிவந்த அந்தப் பெண் ஓரத்தில் நின்று சிரித்தாள். "வாயுள்ள பிள்ளை, பிழைச்சுக்கும்."

அக்காவின் கை தானாகத் தாழ்ந்தது. மகளின் முன்னால் குனிந்தாள்.

"இவ்வளவு பேசுறியே. சூடு ஏறினப்ப மாமாகிட்ட ஏன்டி சொல்லல?"

"கார்ல கண்ணாடியெல்லாம் திறந்திருந்துச்சும்மா."

"அதனால?"

"அப்ப வெளியிலதானே இருந்தோம். வெளியில வாயைத் திறக்கக் கூடாது, கேட்டா ஒண்ணுமில்லன்னு தலையாட்டணும். நீதானே சொன்ன? நான் கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல."

குறையாகச் சொல்லவில்லை. அம்மா சொன்னதைத் தவறாமல் செய்த பெருமையோடு சொன்னாள்.

அக்கா அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரேக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். காரில் கைராசி என்று நினைத்தது அவனுக்கு ஞாபகம் வந்தது, அவனுக்கும் வெட்கமாக இருந்தது. அக்கா பக்கத்தில் நனைந்து கிடந்த தொப்பியை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"அம்மா தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்டி. இனிமே உடம்புக்கு என்ன செஞ்சாலும் வாயைத் திறந்து சொல்லணும். யார் இருந்தாலும் சரி."

"பல்லு தெரியுமே?"

"தெரியட்டும்."

மிளகு கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப இப்ப ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

வாயை நன்றாகத் திறந்து, மூன்று பல்லும் கடகடவென்று அடிக்க, பிறந்ததிலிருந்து அவள் ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள் மிளகு.

"குளிருதும்மா."