மதிலில் விட்ட குழாய்கள்

ஹபீல், மனைவி ஸக்கியா சமைக்கும் குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து, மதிலில் விட்டிருந்த குழாய் வாய்களைச் சீமெந்தால் அடைத்துக்கொண்டிருந்தார். மேட்டு மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல் மதில் அது. மழை பெய்தால் அந்தக் குழாய்களால் செம்மண் தண்ணீர் வழிந்து, ஸக்கியா கழுவிவிட்ட முற்றத்தை நாசமாக்கும். பெருநாளைக்கு விருந்தாளிகள் வேறு வரவிருந்தார்கள்.

மகள் நப்லா வாசற்படியில் நின்று பார்த்தாள். “வாப்பா, அத அடைக்க வாணாம். பின்னுக்குத் தண்ணி சேந்து மதிலத் தள்ளும்.”

“இஞ்சினியர் நோனா இன்னும் கெம்பஸ் வாசலயே காணல்ல, அதுக்குள்ள எனக்கு ஓடர் போடுறாவா?”

ஸக்கியாவும் சிரித்துவிட்டாள். உயர்தரத்தில் கணிதம் படித்து நல்ல பெறுபேறு எடுத்த நப்லாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படிக்க ஆசை. தெல்தெனியவில் அவர்கள் வீட்டில் அது ஒரு பகிடி.

“ஒரு பிளேன்டீ ஊத்துங்க ஸக்கியா,” என்று ஹபீல் கை கழுவ எழுந்தார்.

பெருநாள் முடிந்த கிழமை மழை விடாமல் பிடித்தது. மதில் வயிறு தள்ளி நிற்கிறதே என்று பார்க்கப் போன ஹபீல்மேல் அது சரிந்தது. குசினியும் போனது, ஹபீலும் போனார்.

அந்த வீட்டில் இருக்க ஏலாமல் போனதால், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலத்தைக் கழிக்க ஸக்கியா, மகளோடு திகனயில் கூடப்பிறந்த நானா பவாஸின் வீட்டுக்கு வந்தாள். நப்லாவின் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் போட பவாஸ்தான் கம்பியூட்டர் முன் உட்கார்ந்தார்.

“ஐ.டி.ய முதலாவதாப் போடுவம் மகள். வீட்டுக்குள்ள ஈந்தே உழைக்கேலும். சிவில்ண்டா சைட்ல ஆம்புளயளுக்கு நடுவுல சகதில நிக்கணும். நாளக்கி மாப்புள பாக்கக்குள்ள நான் என்னத்தச் சொல்ற?”

“இஞ்சினியரிங் கெடைச்சாலும் முதல் வருஷம் எல்லாருக்கும் ஒரே படிப்புதான் மாமா. மார்க்ஸ் நல்லா எடுத்தாத்தான் பிறகு சிவில் தருவாங்க. ஆனா இப்ப இஞ்சினியரிங்க முதல்ல போட்டாத்தானே...” நப்லாவின் குரல் தணிந்தது. கண் உம்மாவிடம் போனது.

கதவோரக் கதிரையில் இருந்த ஸக்கியா, வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அன்றுதான் வாய் திறந்து நீளமாகப் பேசினாள்.

“நானா, மதில்ல ஓட்டை வச்சது தண்ணி வெளியேற. அத அடைக்க முந்தி, தெரிஞ்ச ஆளிட்டக் கேக்கணும். தெரிஞ்ச ஆள் எங்கட வீட்டுப் பொம்புளப் புள்ளயா ஈந்தாலும் கேக்கணும். நாங்க கேக்கல்ல, சிரிச்சோம். இனி இந்தக் குடும்பத்துல யாரும் அப்பிடிச் சிரிக்கப்படாது. அவ சிவில் படிக்கட்டும்.”

பவாஸ் யன்னலால் தன் வீட்டுப் பின்மதிலைப் பார்த்தார்.

“இங்கயும் அடச்சித்தான் ஈக்கி மகள். நுளம்பு வந்து கடிக்குதுண்டு.”

“தொறக்கணும் மாமா. இண்டக்கே.”

“சரி. சீமெந்தக் குத்தி ஒடைக்க அலவாங்கு எங்கண்டு மாமிக்கிட்டக் கேளுங்க.” அவள் எழுந்து போக முன்னமே பொறியியலை முதல் தெரிவாகப் போட்டுவிட்டார்.

நப்லாவுக்குப் பேராதனையில் பொறியியலுக்கு இடம் கிடைத்தது. திகனயிலிருந்து பேராதனைக்குப் போகக் கண்டியில் இறங்கி பஸ் மாறவேண்டும்; சிவிலுக்குப் போகவும் முதல் வருஷத்தைத் தாண்டத்தான் வேண்டும்.