வெள்ளி பார்க்கலாமா?

லிஃப்ட் மெக்கானிக்கை ஒரு பெண் முதன்முதலாகக் கூப்பிட்டபோது அவன் குழிக்குள் இருந்தான். மருத்துவமனை லிஃப்ட்டின் அடிக்குழி அது. தலைக்கு மேலே பெட்டி நிற்க, இரண்டு கையிலும் கிரீஸ் அப்பியிருக்க, சட்டைப்பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. மணிக்கட்டால் எப்படியோ வெளியே எடுத்து, மூக்கால் தட்டித் திறந்தான்.

"வெள்ளி பார்க்கலாமா? நூலக மொட்டைமாடி. ஏழு மணி."

அன்று செவ்வாய்க்கிழமை. அவன் மூக்காலேயே "கண்டிப்பா" என்று அடித்து அனுப்பினான். அதற்குப் பிறகு அவனுக்குத் தலைகால் புரியவில்லை. குழிக்குள் அவன் பாடிய பாட்டு லிஃப்ட் வழியே மேலே போய் எல்லா மாடியிலும் கேட்டது. ஒரு நர்ஸ் இறங்கி வந்து, நோயாளிகள் தூங்க வேண்டும், பாடுவது யாராக இருந்தாலும் நிறுத்திக்கொள்ளவும் என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

கூப்பிட்டவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வாரம் முழுக்க ஊராரை ஒற்றைக் கண்ணை மூடவைத்துக் கடைசி வரியைப் படிக்கச் சொல்பவள், சனிக்கிழமை சாயங்காலம் நூலக மொட்டைமாடியில் அதே ஊராரை வானத்தைப் படிக்கச் சொல்வாள். வானவியல் தொடக்க வகுப்பு; கட்டணம் கிடையாது. ஒருநாள் அவளுடைய தொலைநோக்கி நூலக லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டது. மெக்கானிக் வந்து அதை மீட்டு மாடிவரை தூக்கிக் கொடுத்தான். கைம்மாறாக அவனுக்கு நிலாவைக் காட்டினாள். குழியும் மேடுமாகக் கிடந்த நிலாவைப் பார்த்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவ்வளவுதான், ஆள் அவுட்.

மறுவாரமே வகுப்பில் சேர்ந்தான். படிப்பில் அவன் மக்கு என்று சொன்னால் மக்குகள் கோபித்துக்கொள்வார்கள். பாவம், பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்தே பிழைப்பவன்தான். ஆனால் அவன் அண்ணாந்து பார்த்த இடத்திலெல்லாம் ஒரு கூரை இருந்தது. வகுப்பில் சேர்ந்த புதிதில், தெற்கே சிவப்பாய் ஒன்றைக் கண்டுபிடித்து, செவ்வாய் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். அது செல்போன் கோபுரத்து உச்சி விளக்கு. மறுவாரமும் அதே இடத்தில் அதையே பார்த்துவிட்டு, செவ்வாய் போன வாரத்திலிருந்து நகரவே இல்லையே, அதுக்கு ஏதாவது பழுதா என்று கவலையோடு விசாரித்தான். அன்று அவள் சிரித்த சிரிப்பில் அவன் இன்னும் இரண்டு மாடி கீழே விழுந்தான்.

அவளுக்கும் அவன்மேல் ஒரு இது இருந்தது. இல்லாவிட்டால் கூப்பிடுவாளா? ஆனால் அவள் எதையும் ஒரு தடவைதான் கேட்கிற ரகம். கண் பரிசோதனையிலும் அப்படியே. இந்தக் கண்ணாடி தெளிவா, அந்தக் கண்ணாடி தெளிவா என்று ஒருமுறை கேட்பாள்; விழித்தால் அடுத்ததுக்குப் போய்விடுவாள். வகுப்பில் அது எல்லாருக்கும் தெரியும். மெக்கானிக்குக்கும் தெரியும்.

இப்போது கோளாறுக்கு வருவோம். அவளுக்குத் தமிழ்ப் பெயர்கள்மேல் ஒரு பித்து. சூரியன் என்று சொல்ல மாட்டாள், ஞாயிறு. நிலா என்று சொல்ல மாட்டாள், திங்கள். முந்தின சனிக்கிழமை வகுப்பில் அவள் தெளிவாகத்தான் சொன்னாள்: வருகிற செவ்வாயன்று மேற்கே வெள்ளிக்குப் பக்கத்தில் திங்கள் வந்து நிற்கும், தவறவிடாதீர்கள் என்று. மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். இவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது செவ்வாய், வெள்ளி, திங்கள் மூன்றும்தான். மேடம் எதற்கோ நாள்காட்டி வாசிக்கிறார்கள் என்று விட்டுவிட்டான்.

ஆக, அவள் கூப்பிட்டது வெள்ளி என்கிற கோளைப் பார்க்க, அதுவும் அன்றைக்கே. அவனுக்கோ நூலகமும் வெள்ளியும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான். நூலக லிஃப்ட்டுக்கு அவன் எண்ணெய் போடும் நாள் வெள்ளிக்கிழமை.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த அக்கா வீட்டில்தான் அவன் வாசம். தம்பிக்கு நாற்பது எட்டிப் பார்க்கிறதே என்று கிடந்து தவித்தவள், செய்தியைக் கேட்டதும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். செவ்வாய் சாயங்காலம் ஏழு மணிக்கு, அங்கே ஒருத்தி மொட்டைமாடியில் காத்து நிற்க, இங்கே இவன் நகக்கண்ணிலிருந்த கிரீஸை அக்கா பழைய பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மேற்கு வானத்தில் வெள்ளியும் பிறையும் ஜோடியாய் நின்றதை இருவருமே பார்க்கவில்லை. புதனன்று முடி வெட்டினான். வியாழனன்று புதுச் சட்டை வந்தது. அக்கா வீட்டுக்காரர் தன்னுடைய செருப்பைக் கொடுத்து உதவினார். அது ஒரு சுற்றுப் பெரியது.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள்.

"இங்க பாரு, போன எடத்துல லிஃப்ட்டப் பத்திப் பேசாத."

"வேற என்னக்கா பேசுறது?"

"பேசாம இரு. அதுவே நல்லாத்தான் இருக்கும்."

பேசாமல்தான் இருந்தான், பேச ஆளில்லை. மொட்டைமாடி காலி. வெள்ளி மேற்கே ஜொலித்துக்கொண்டிருந்தது. அதை ஏதோ விமானம் என்று நினைத்து, கைக்கடிகாரத்தையும் படிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் கதவைப் பூட்ட வந்த நூலகக் காவலாளிதான் விஷயத்தை உடைத்தார்.

"மேடம் செவ்வாக்கிழமையே வந்துட்டுப் போயிட்டாங்களே. ரெண்டு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டாங்க. ஒண்ணு கடைசிவரைக்கும் காலியாத்தான் கெடந்துச்சு."

யார் வருவதாக இருந்தது என்று இவன் ஈனஸ்வரத்தில் கேட்டான். அதெல்லாம் தெரியாது, யாரோ ஏதோ வெள்ளியைப் பார்க்க வரணுமாம் என்று மேற்கே கையை நீட்டினார். மெக்கானிக் அந்த விரலைப் பார்த்தான், விரல் காட்டிய வெளிச்சத்தைப் பார்த்தான், செவ்வாய், வெள்ளி, திங்கள் என்று அவன் காதில் விழுந்ததெல்லாம் ஒவ்வொன்றாய்த் தலையில் இறங்கியது. முகத்தில் ஈயாடவில்லை. உடனே போன் போட்டான். எடுக்கவில்லை. அவள் இரண்டாம் தடவை கேட்கிறவள் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை வகுப்புக்கு முன்னதாகவே போய், லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அதே புதுச் சட்டை, அதே பெரிய செருப்பு. அவள் தொலைநோக்கிப் பையோடு வந்தாள். லிஃப்ட்டையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள், படிக்கட்டில் ஏறத் தொடங்கிவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்குக்குப் படி ஏறிப் பழக்கமே கிடையாது. ஆனாலும் செருப்பு டப்டப்பென்று அடிக்க, பின்னாலேயே ஏறினான். பையைக் கொடுங்கள் என்றான். வேண்டாம், கனமில்லை என்றாள். முதல் மாடி முடிவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

"செவ்வாக்கிழமை..." என்று ஆரம்பித்தான்.

"பரவால்ல. வேலை இருந்திருக்கும்."

"வேலையில்ல மேடம். நான் வந்தேன். நேத்து வந்தேன்."

"நேத்து எதுக்கு வந்தீங்க?"

"நீங்கதானே வெள்ளின்னு போட்டீங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஆமா. வெள்ளின்னா வெள்ளி."

"அதான் மேடம் நானும் சொல்றேன். வெள்ளின்னா வெள்ளி."

இரண்டு பேரும் நடுப்படியில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் போனைத் திறந்து, அவள் அனுப்பியதை அவளிடமே நீட்டினான். அவள் படித்தாள். மறுபடி படித்தாள், அவள் எதையும் இரண்டாம் தடவை படித்ததை அன்றுதான் அவன் பார்த்தான். அவள் உதடு கோணியது. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். படிப்பறையிலிருந்து யாரோ "உஷ்" என்றார்கள்.

சிரிக்கிறாளே என்று அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் சிரிப்பு மன்னிப்பா என்று தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது.

"வெள்ளியோ சனியோ, நீங்க கூப்பிட்டீங்கங்கறது மட்டுந்தான் எனக்குப் புரிஞ்சுது மேடம். உங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும். வானந்தான் இன்னும் பிடிபடல."

அவள் எழுந்து, பையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு மேலே போனாள். மீதிப் படியெல்லாம் அவன் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

அன்றைய வகுப்பில் அவனுக்குத்தான் முதலில் வெள்ளியைக் காட்டினாள். செவ்வாயன்று அதன் பக்கத்தில் நின்ற பிறை, நாள்தோறும் கிழக்கே நகர்ந்து, அரை நிலாவாகி உச்சிக்குப் போயிருந்தது. அவன் கண்ணை வைத்தான். வெறும் புள்ளி தெரியும் என்று நினைத்திருந்தான். குட்டி அரை நிலா ஒன்று தெரிந்தது. வெள்ளியும் நிலா மாதிரி வளரும், தேயும், இப்போது நம் பக்கம் பாதிக்குத்தான் வெளிச்சம் என்று பக்கத்தில் நின்று விளக்கினாள். இந்தத் தடவை அவன் கேட்டுக்கொண்டான், கையைப் பார்க்காமல்.

ஆனால் கிளம்பும்வரை அவள் வேறொன்றும் சொல்லவில்லை. ஞாயிறு முழுக்க அவன் வீட்டில் கூண்டில் அடைத்தது போல நடந்தான். அக்கா இரண்டு முறை போனை வாங்கி, அது வேலை செய்கிறதா என்று சோதித்தாள். வெயில் தாழும்போது அது அதிர்ந்தது.

"பூமி பார்க்கலாமா? அதே மொட்டைமாடி."

அவன் முதலில் நாள்காட்டியை எடுத்தான். பட்டது போதும், இந்த முறை ஏமாறக் கூடாது. ஞாயிறு முதல் சனிவரை விரல் வைத்துத் தேடினான். அக்காவும் தேடினாள். பிறகு துணிந்து போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மேடம், பூமின்னா எந்தக் கிழமை?"

"பூமிக்குன்னு கிழமை கிடையாதுங்க," என்றாள் அவள். "அதனால, எந்தக் கிழமைன்னாலும் வரலாம்."

அவன் போனைக்கூட வைக்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போட்டுத் தருகிறேன் இருடா என்று அக்கா கூப்பிட்டது, படிக்கட்டில் பாதி தூரம்வரைதான் அவனுக்குக் கேட்டது. லிஃப்ட் வரும்வரை நிற்க அவனுக்குப் பொறுமை இல்லை.