திங்கட்கிழமை விலை

இணையத்தில் பெயர் வாங்கி விற்பது என் தொழில். கடை போடுகிறவனுக்கு இணையத்தில் ஒரு முகவரி வேண்டும். அந்தப் பெயரை அவனுக்கு முன்னால் நான் பதிந்து வைத்திருப்பேன். எல்லாப் பெயரும் விலை போகாது. சின்னதாக இருக்க வேண்டும். நடுவில் கோடு, எண் எதுவும் கூடாது. போனில் ஒருமுறை சொன்னால் எதிராளி திருப்பிக் கேட்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், யாராவது அதை நினைவில் வைத்துத் தானாகத் தட்டிக்கொண்டு வர வேண்டும்.

"பேரை வித்துப் பொழைக்கப் போறியா? உருப்பட்ட மாதிரிதான்," என்றாள் அக்கா, நான் வேலையை விட்ட அன்று. என்னிடம் இருந்ததிலேயே உசத்தியான பெயரை, தலையணைக்கான ஒற்றைச் சொல்லை, அவளிடம் சொன்னேன்.

"இது விக்கிற அன்னிக்கு நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் எனக்கு போன் பண்ணாத."

எனக்கு அவளை விட்டால் யாரும் கிடையாது. ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வருடங்கள் ஓடின. சாப்பிட ஒரு தட்டுதான் வைத்திருந்தேன். இரண்டாவது வாங்கத் தேவை வரவில்லை. கடன் வேண்டுமா என்று போனில் கேட்கிறவர்களைக்கூடப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். தலையணைப் பெயரைத் திறந்தால் 'விற்பனைக்கு' என்று ஒரு பக்கம் வரும், கீழே விலை. தினமும் காலையில் ஒரே ஒரு ஆள் அதைத் திறந்து பார்ப்பது தெரிந்தது. எவனோ கண் வைத்துவிட்டான் என்று திங்கட்கிழமை தோறும் விலையைக் கொஞ்சம் ஏற்றினேன்.

கடைசியில் மெத்தைக் கம்பெனி மேலாளர் ஒருவர் பேரத்துக்கு வந்தார்.

"தினமும் ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போறாரு சார். நீங்க யோசிச்சா அவர் கொத்திட்டுப் போயிடுவாரு," என்றேன். மனிதர் கேட்டதைக் கொடுத்துவிட்டார்.

இனி அக்காவைக் கூப்பிட்டு மூக்கை உடைக்க வேண்டியதுதான் பாக்கி. போனை எடுத்தேன், வைத்தேன். இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவன் இப்போது ஜெயித்தேன் என்று கூப்பிடுவதா? வெட்கமாக இருந்தது. அறை முன்னைவிடக் காலியாகத் தெரிந்தது.

அடுத்த வாரம் மேலாளரே அழைத்தார்.

"என்ன சார் இது, அந்தப் பேர்ல எங்க கடையைத் திறந்ததுலேர்ந்து ஒரு அம்மா தினமும் எங்க ஆபீஸுக்கு போன் பண்றாங்க. தலையணை வேணாமாம். இங்க ஒரு விலை இருக்குமே, திங்கக்கிழமை திங்கக்கிழமை மாறுமே, அது எங்க போச்சுன்னு கேக்கறாங்க. அதை மாத்திட்டிருந்தவர் நல்லா இருக்காரான்னு மட்டும் சொல்லுங்கன்னு ஒரே அழுகை."

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, நான்தான். அந்தப் பேரை வித்துட்டேன்கா."

"சரி," என்றாள். "அப்ப இனிமே காலைல நான் எதைப் பாக்கறது?"

எனக்கு அழுகைதான் வந்தது.